நெகட்டிவ் ஆனவன் எழுதும் பதில்

மகனே,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, ஸ்டூடியோவின் கதவைப் பாதி மட்டும் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன். பம்பாய் மழையில் உனக்குச் சளி பிடித்ததை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த பக்கத்தை வாசிக்காமல் மடித்தேன். "மீதிய ஏன் மடிக்கிறீங்க?" என்று கேட்டு அவளே வாங்கிப் படித்தாள். சதுரங்கப்பட்டினத்தில் நாம் பார்த்து வைத்திருக்கும் பெண் ஜைனபின் அண்ணன், கடைக்கு நைலான் நூல் வாங்க பம்பாய் வந்தபோது உன்னைத் தேடி வந்திருக்கிறான். பேச்சுவாக்கில் என் இடது கை விரல்களைப் பற்றிக் கேட்டிருக்கிறான். ஸ்டூடியோவில் நடந்த தீ விபத்து என்று நீ சொல்லிவிட்டாய். "யார் கேட்டாலும் அதையே சொல்லுங்கள் அத்தா. உங்களுக்கு நெகட்டிவ் ஆகி வருஷக்கணக்காகிறது. இல்லாத ஒன்றை எதற்குப் போய்ச் சொல்ல வேண்டும்?" என்று எனக்கு எழுதியிருக்கிறாய். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் எழுத இவ்வளவு தாமதமானதற்குக் காரணம், அந்தப் பதிலை முதலில் வேறொரு வீட்டில் சொல்லிவிட்டு வந்ததுதான். நீ சொல்ல வேண்டாம் என்றதை நான் சொல்லிவிட்டேன். கோபம் வரும். வரட்டும். ஆனால் கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படு.

உன் கேள்வி முழுக்க ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையின் மேல் நிற்கிறது. அந்த வார்த்தையோடு எனக்கு உன் வயதை விட நீண்ட பழக்கம். மாமல்லபுரத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளில் நெகட்டிவ் என்பது எனக்குக் கையில் பிடிக்கிற ஒரு பொருள். கடற்கரைக் கோயிலைப் பார்க்க வருகிறவர்களை நிற்கவைத்துப் படம் எடுப்போம். ஃபிலிமைக் கழுவினால் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் தெரியும். ஒரு முறை புதுமணத் தம்பதி ஒன்று அவசரப்பட்டு உள்ளேயே வந்து ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டது. "இன்னா பாய், எங்க ரெண்டு பேரையும் பேய் மாதிரி புடிச்சிகிறே?" என்று மாப்பிள்ளை சண்டைக்கு வந்தான். பெண்ணுக்குத் தலைமுடி நரைத்தும் பற்கள் கரியாகவும் இருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? முதலாளிதான் சமாதானம் சொன்னார்: "இது நெகட்டிவ்ப்பா. இதுலேர்ந்துதான் பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ்தான் உன் படம்." எனக்கும் அதுதான் பாடம். பாசிட்டிவ் என்றால் நல்லது, ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போவது. நெகட்டிவ் என்றால் அதற்கு முந்திய அரைகுறை.

நீ ஹைஸ்கூலில் சேர்ந்த சமயம். படங்களுக்குப் பளபளப்பு ஏற்றும் சூடான தகட்டின் மேல் என் இடது கை கிடந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்த உன் அம்மாதான் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "ஐயோ, கை வேகுதுங்க! தெரியலியா உங்களுக்கு?" தெரியவில்லை. சுண்டு விரலும் அதற்கடுத்த விரலும் வெந்து போயிருந்தன. வலி மட்டும் வரவே இல்லை. வலிக்கவில்லை என்பதைக் கேட்டு அவள் அழுதாள். வலித்திருந்தால் அழுதிருக்க மாட்டாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காது மடலில் லேசாகக் கீறி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவிக்கொண்டு போனார்கள். டாக்டர் கூப்பிட்டு, "ரிசல்ட் பாசிட்டிவ்" என்றார். நான் சிரித்தேன். "ரொம்ப சந்தோசங்க டாக்டர்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சந்தோசப்படற விசயம் இல்ல பாய். பாசிட்டிவ்னா கிருமி இருக்குன்னு அர்த்தம். குஷ்டம்" என்றார். இருபது வருஷமாக எனக்குச் சோறு போட்ட வார்த்தை ஒரு நிமிஷத்தில் திரும்பிக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். முதலாளி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் மறுநாள் என் நாற்காலியை வெளியே வெயிலில் போட்டிருந்தார். செய்யூரிலிருந்து உன் மாமா வந்து, தன் தங்கையான உன் அம்மாவையும் உன்னையும் அழைத்துக்கொண்டு போவதாகச் சொன்னார். உன் அம்மா அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. "புள்ளைய இட்டுனு போ அண்ணே, படிக்கட்டும். நான் இந்த மனுசன வுட்டுட்டு எங்க வர்றது?" என்றாள். நீ செய்யூருக்குப் போனாய். அங்கே பள்ளிக்கூடத்தில் ஒருவன் உன் அப்பனைப் பற்றி ஏதோ சொல்ல, அவன் உதட்டைக் கிழித்துவிட்டு வந்தாயாம். அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "எங்க அத்தா ஸ்டூடியோல தீப்புடிச்சிது" என்று சொல்ல ஆரம்பித்தாயாம். உன் மாமா ரொம்ப நாள் கழித்துத்தான் இதை என்னிடம் சொன்னார். அதனால், பம்பாயில் நீ சொன்னது புதுப் பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். அடி வாங்கிய பிள்ளை தன் மேல் போர்த்திக்கொண்ட போர்வை அது. அதற்காக உன்னை நான் குறைசொல்ல மாட்டேன்.

உனக்குத் தெரியாத பாதியைச் சொல்கிறேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்த வார்டில் என் பக்கத்துக் கட்டில்காரர் ஒரு இங்கிலீஷ் வாத்தியார். கால் விரல்கள் போய்விட்டன. குரல் மட்டும் வகுப்பறையிலேயே இருந்தது. தினம் விழுங்கும் வெள்ளை மாத்திரையை எடுத்தால், அதைப் பற்றியும் ஒரு பாடம் நடத்துவார். எங்களுக்குள் பேச்சு எல்லாம் யாருக்கு எப்போது நெகட்டிவ் ஆகும் என்பதுதான். உலகத்தில் வேறு எங்கேயாவது ஜனங்கள் அந்த வார்த்தைக்காக இப்படி ஏங்கியிருப்பார்களா தெரியவில்லை. "நெகட்டிவ்னா இல்லன்னு அர்த்தம், அவ்வளவுதானே வாத்தியாரே?" என்று ஒரு நாள் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அவ்வளவு இல்ல பாய். லத்தீன் பாசையில 'நெகாரே'ன்னு ஒரு சொல்லு. அதுலேர்ந்து வந்தது இது. அதுக்கு அர்த்தம் 'இல்லன்னு சொல்றது'. இல்லாம இருக்கறது வேற, இல்லன்னு சொல்றது வேற. சொல்றதுக்கு ஒரு ஆள் ஓணும். அந்த ஆளு யாரு, எத வச்சி சொல்றான்னு பாக்கணும். நம்ம தமிழையே எடுத்துக்கோங்க. இல்ல, அல்ல, வேணாம், மாட்டேன், முடியாது, கூடாது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வாசல். இங்கிலீஷ்காரன் எல்லாத்தையும் ஒரே பெட்டியில போட்டு 'நெகட்டிவ்'னு பேர் எழுதி வச்சிட்டான்."

படத்துக்கும் பேட்டரிக்கும் அந்தப் பெயர் வந்ததெல்லாம் பின்னால்தான் என்றும், முதலில் அது வாயிலிருந்து வரும் ஒரு பதிலாக மட்டுமே இருந்தது என்றும் சொன்னார். கேட்கச் சுவையாக இருந்தது. எனக்கு அது அன்றைக்கு ஒரு பொழுதுபோக்கு.

எனக்கு முன்னால் அவருக்கு நெகட்டிவ் ஆனது. டாக்டரே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். வாத்தியார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கள் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கும்போது திரும்பி வந்து தன் கட்டிலில் உட்கார்ந்தார். அதே சட்டை. என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்: "பெரிய மவன் வாசல்லியே நின்னுகினு இருந்தான் பாய். என்னப் பாத்தான். பக்கத்து வூட்டுக்காரரு 'யாருப்பா அது?'ன்னாரு. 'தெரியல, யாரோ வழி கேக்குறாரு'ன்னான். சரின்னு நானும் வழி கேட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போவணும்னு கேட்டேன். சொன்னான். மரியாதையாத்தான் சொன்னான்." பிறகு வகுப்பில் சொல்வது மாதிரியே சொன்னார்: "இங்கிலீஷ்ல 'டினை'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. மறுக்கறது. அதுவும் நெகட்டிவும் ஒரே வயித்துப் புள்ளைங்க. இத்தன வருசம் பாடம் நடத்தியும் ரெண்டையும் சேத்துப் பாத்ததில்ல."

அவர் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியை விட்டு எங்கும் போகவில்லை. எனக்கும் நெகட்டிவ் ஆனபோது வாசல் வரை வந்து வழியனுப்பினார். எனக்கு உன் அம்மா இருந்தாள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. அந்த ஒரு வித்தியாசத்தால்தான் நான் இன்றைக்கு மாமல்லபுரத்தில் சொந்தமாகச் சின்ன ஸ்டூடியோ வைத்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். அவர் அங்கே இருக்கிறார்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். உன் கடிதம் வந்த மறு வாரம் நானும் உன் அம்மாவும் சதுரங்கப்பட்டினம் பஸ் ஏறினோம். கடை உனக்குத் தெரியும். வலையும் நூலும் மிதவைக் கட்டையும் விற்கிற கடை. ஜைனபின் அத்தா எங்களைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்து, பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார். உள்ளே டீக்குக் குரல் கொடுத்தார். கயிறு வாங்க வந்த குப்பத்துக்காரர் ஒருவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் போன பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் போவதாக இல்லை. சொல்லிவிட்டேன்.

"உங்க மவன்கிட்ட பம்பாய்ல எங்க புள்ள சொன்னது சரியில்லீங்க. தீ விபத்து ஒண்ணும் இல்ல. எனக்குப் பெருவியாதி இருந்துச்சு. செங்கல்பட்டுல வைத்தியம் பாத்தேன். இப்ப நெகட்டிவ்."

அவர் கையிலிருந்த நூல்கண்டைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து, "அண்ணாத்த, நான் அப்பால வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். இனி ஊருக்கே தெரிந்துவிடும் என்று மூன்று பேருக்கும் புரிந்தது. கொண்டுவந்த டீ உள்வாசலிலேயே நின்றது.

"நெகட்டிவ்னா கெட்டதுதானே?" என்றார் ஜைனபின் அத்தா. "ரேடியோ பேட்டரில கூட ஒரு பக்கம் அப்படித்தான் சொல்றாங்க. தலகீழாப் போட்டா பாடறதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு டாக்டர் முன்னால் சிரித்தது ஞாபகம் வந்து அடங்கியது. "ஆஸ்பத்திரில அது நல்ல வார்த்தைங்க" என்றேன். அதற்குள் அவருடைய மகன் உள்ளேயிருந்து வந்துவிட்டான். "இன்னா பாய், பொண்ணக் குடுத்தப்பால சொல்லலாம்னு இருந்தீங்களா?" என்று அதட்டினான். நான் தலை குனிந்தேன். உன் அம்மா குனியவில்லை. "குடுத்தப்பால சொல்றவங்களா இருந்தா இப்ப எதுக்குத் தம்பி பஸ் ஏறி வர்றோம்?" என்றாள். "யோசிக்கணும், போய்ட்டு வாங்க" என்று மட்டும் பெரியவர் சொன்னார். வரும் வழியெல்லாம் உன் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். முடிந்துபோன சம்பந்தம் என்றுதான் நானும் நினைத்தேன். உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன்.

நான் எதிர்பார்க்காதது நடந்தது. ஒரு நாள் காலையில் ஸ்டூடியோ வாசலில் ஜைனபும் அவள் அத்தாவும் அம்மாவும் வந்து நின்றார்கள். "செங்கல்பட்டுக்குப் போறோம். நீங்களும் வாங்க. அந்த டாக்டர் வாயால கேக்கணும்னு பொண்ணு ஒத்தக் கால்ல நிக்கிது" என்றார் பெரியவர். ஸ்டூடியோவைப் பூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: இது கிருமியால் வருவது, வம்சத்தில் வருவது இல்லை, எனக்கு முழுக்க வைத்தியம் ஆகிவிட்டது, என்னால் இனி யாருக்கும் தொற்றாது, உன்னைச் சின்ன வயதிலேயே சோதித்துப் பார்த்தாயிற்று. பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஜைனப் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்:

"டாக்டர், நெகட்டிவ்னா இவங்களுக்கு இல்லன்னு சொல்றீங்களா, இல்ல, உங்க கண்ணுக்குத் தெரியலன்னு சொல்றீங்களா?"

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தெரியலன்றதுதான்மா சரி. ஆனா ஒரு தடவ பாத்துட்டு சொல்லல. மறுபடி மறுபடி தேடினோம். ஒவ்வொரு தடவையும் இல்ல. தேடினதாலதான் தைரியமா இல்லன்னு சொல்றோம்."

"சரிங்க" என்றாள். அவ்வளவுதான். நோயைப் பற்றி அந்தப் பெண் கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து என்னிடம் உன்னைப் பற்றிப் பேசினாள். "மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? அவங்களுக்கு இது எல்லாம் தெரியும்தானே?"

"தெரியும்மா."

"தெரிஞ்சிதான் அண்ணன்கிட்ட வேற சொன்னாங்களா?"

"ஆமாம்மா. சின்னப் புள்ளையில ரொம்ப பேஜாராயிட்டான். அதனால..."

"எனக்குப் புரியுது மாமா. ஆனா நாளைக்கு எனக்கே ஒண்ணு வந்தா, கேக்குறவங்ககிட்ட என்னப் பத்தி இன்னா சொல்லுவாங்க?"

அவள் அம்மா, "சும்மா இரு" என்று அவள் கையைப் பிடித்தாள். அவள் சும்மா இருக்கவில்லை. "நீங்க சொல்லிட்டீங்க. அவங்க வந்து அவங்க வாயால எங்க அத்தாகிட்ட சொல்லட்டும். அப்பால நான் சொல்றேன்" என்றாள். பெரியவர் என்னைப் பார்த்து, "கேட்டுகினீங்களா பாய்? இனிமே இதுல நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் அவர்தான் உட்கார்ந்தார். இடம் இல்லாமல் இல்லை. பின்னால் நிறைய இருந்தது.

மகனே, இல்லாத ஒன்றை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டாய். என் உடம்பில் அது இருந்தது, இப்போது இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நெகட்டிவ் என்ற வார்த்தைக்கு அர்த்தம் முழுதாகிறது. முதல் பாதியை விழுங்கிவிட்டு இரண்டாவதை மட்டும் சொன்னால், எனக்கு எதுவுமே நடக்கவில்லை என்றாகிறது. உன் அம்மா அடுப்பை விட்டு எழாமல் இருந்தது நடக்கவில்லை. நீ செய்யூரில் தனியாக வளர்ந்தது நடக்கவில்லை. டாக்டர் தேடித் தேடிப் பார்த்ததும் நடக்கவில்லை. நாங்கள் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த 'இல்லை' அது. அதை ஒரு தீ விபத்துக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீ என்னை மறுத்தாய் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. உன் வாசலில் நான் வழி கேட்க வேண்டி வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. அவளுக்கு உன்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரு போட்டோவும் ஒரு பொய்யும்தான்.

லீவு கேட்டுப் பார். கிடைத்தால் சென்னையில் இறங்கி நேராக இங்கே வராதே. முதலில் சதுரங்கப்பட்டினம் போ. கடையில் ஆள் இருந்தாலும் இருக்கட்டும், சொல்லிவிடு. மனப்பாடம் பண்ணிக்கொண்டு போகாதே. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே ஆரம்பி. அவளுடைய அண்ணன் சத்தம் போடுவான். போட அவனுக்கு உரிமை உண்டு, அவனிடம்தான் நீ வேறு சொன்னாய். அவள் சரி என்றால் நமக்கு நல்ல காலம். வேண்டாம் என்றால், அவள் முகத்துக்கு நேராகக் கேட்டுக்கொண்டு வா, அதுவும் கௌரவம்தான். உன் அம்மா கருவாடு வறுத்து வைப்பதாகச் சொல்லச் சொன்னாள். சளிக்குக் கஷாயப் பொடியும் தனியாக அனுப்புகிறாள்.

வரத் தைரியம் வராமல் போனால் உன் மேல் எனக்குக் கோபம் இருக்காது. ஆனால், அந்தக் கடைக்கு மறுபடி பஸ் ஏறிப் போய், "அவன் வரமாட்டான்" என்று சொல்கிற வேலையை மட்டும் என்னிடம் கொடுத்துவிடாதே.

உன் அத்தா